படையும் மடையும்: காது மந்தமான இரண்டு பேர் அருங்காட்சியகம் போன கதை

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டரை. அதில் ஒன்றரை அங்கே இருக்கும் பொருட்களுக்கு, மீதி ஒன்று முழுக்க அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு.

இடத்தின் பெயரைப் போடவில்லை. டெல்டாவுக்குள், பழைய கட்டடம் ஒன்றில் நடக்கும் அருங்காட்சியகம் என்பது போதும். பெயரைப் போட்டால் குறைந்த சம்பளத்துக்கு நிற்கும் யாரோ ஒருவர் தலையில்தான் அது போய் விழும், அதோடு நான் இங்கே எழுதப்போகும் குறைகள் நான் போயிருக்கும் பெரும்பாலான இடங்களில் அப்படியே இருப்பவைதான். அதனால் உங்கள் ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருந்து, அதில் உங்களுக்குக் கொஞ்சமாவது சொல்வாக்கு இருந்தால், உங்கள் இடத்தைப் பற்றி எழுதியதாகவே இதைப் படியுங்கள்.

நாங்கள் மூன்று பேர் போனோம். நான், அப்பா, அண்ணன் மகள். எனக்கு 47 வயது, இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறேன், கடைசியாக எடுத்த ஆடியோகிராமில் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) இழப்பு இடது 65 டெசிபல், வலது 68. அப்பாவுக்கு 76. அவருக்கும் கேட்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார், மெஷின் வாங்கிக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். "எல்லாம் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பார். அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை, வயலில் சம்பா பால் பிடிக்கும் நேரம், அப்பாவுக்கும் பெரிதாக வேலை இல்லை, சரி வாங்க என்று பஸ் ஏறிவிட்டோம்.

நான் ஏன் அருங்காட்சியகத்துக்கு இவ்வளவு ஆசைப்பட்டுப் போகிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காதுதான் முதல் இன்பம். திருவிழா என்றால் நாதஸ்வரம், தை மாதம் என்றால் திருவையாறு. தியாகராஜர் சமாதி முன்னால் பகுள பஞ்சமியன்று நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுவதைக் கேட்க அம்மா என்னை ஆண்டுதோறும் கூட்டிப்போவார்கள். முப்பது வயதுக்கு மேல் எனக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கிப்போய், இப்போது மெஷின் வழியாகக் கேட்டால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. கச்சேரி போச்சு, கதாகாலட்சேபம் போச்சு, சினிமா தியேட்டர் பாதி போச்சு. அருங்காட்சியகம் மட்டும் கண்ணுக்கான இடம் என்று நினைத்தேன். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் இருக்கிறாரே, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலம், அவர் சாய்ந்து நிற்கும் காளை இப்போது இல்லை, கை மட்டும், இல்லாத அந்தக் காளையின் முதுகில் வைத்தபடி காற்றில் நிற்கிறது. அடுத்த ஆண்டு செய்த தேவி பக்கத்தில். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பேன், அதற்குக் காது தேவையே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் இந்த இடத்துக்கும் போனேன்.

டிக்கெட் கவுன்டரிலேயே தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர், கீழே கை நுழையும் அளவு ஓட்டை, அந்தக் கண்ணாடியில் வெளி வெளிச்சம் அடித்து அவர் முகமே தெரியவில்லை. அவர் ஏதோ கேட்கிறார். நான் "மூணு" என்கிறேன். மறுபடி கேட்கிறார். மறுபடி "மூணு". பின்னால் வரிசை நீள்கிறது. அண்ணன் மகள் எட்டிப் பார்த்து "கேமரா இருக்கான்னு கேக்குறாரு அத்தை" என்றாள். என் மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டினேன், அவர் அட்டையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், "பாத்தா அப்படித் தெரியலையே" என்று சொன்னார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோபம் வரவில்லை. காது மந்தம் வெளியில் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் "கேமரா உண்டா, எத்தனை பேர், சிறுவர் எத்தனை, கட்டணம் எவ்வளவு" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நான் விரலால் தொட்டுக் காட்டி அரை நிமிடத்தில் உள்ளே போயிருப்பேன். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அது உதவும்.

வெண்கலக் கூடம் நன்றாக இருந்தது, அதை மனதாரச் சொல்கிறேன். வெளிச்சம் சரியான இடத்தில் விழுகிறது, சிலைக்கும் நமக்கும் நடுவில் கம்பி கிடையாது, பெயர்ப் பலகை தமிழில் முதலில், ஆங்கிலத்தில் அப்புறம். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். "நடராஜர், வெண்கலம், 12ஆம் நூற்றாண்டு" என்பதோடு பலகை முடிந்துவிடுகிறது, மேல் வலக்கையில் இருப்பது உடுக்கை, அது படைப்பின் ஓசை, மேல் இடக்கையில் இருப்பது தீ, அது ஒடுக்கம் என்ற நாலு வரியைப் பக்கத்தில் நின்ற கைடு வாயால் சொல்லிக்கொண்டிருந்தார், எழுத்தில் எங்கும் இல்லை. எனக்கு அது முன்பே தெரியும். தெரியாத ஒருவர் வந்தால் மூன்று சொல்லோடு வெளியே போவார்.

நான் தடுமாறிய இடம் அதற்கு அடுத்த கூடம்.

உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், கல் தரை, ஒரு திரைச்சீலை கூட இல்லை. ஒரு பக்கச் சுவரில் பழைய வாள்கள் வரிசையாக. விடுமுறை என்பதால் நாற்பது ஐம்பது பேர், குழந்தைகள் ஓட்டம், மூலைக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன். கைடு நல்ல மனிதர், உற்சாகமாகப் பேசுகிறார், ஆனால் பேசும்போது எங்களைப் பார்க்காமல் காட்சிப் பொருளைப் பார்த்துப் பேசுகிறார். ஒரு வார்த்தை எங்கள் பக்கம், நாலு வார்த்தை சுவர் பக்கம்.

காது கேட்கிறவர்களுக்கு இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் செய்யும் தவறு இதில்தான் இருக்கிறது. மெஷின் போட்டால் கண்ணாடி போட்ட மாதிரி சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆகாது. மெஷின் நன்றாக வேலை செய்வது ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில், அமைதியான அறையில், எதிரே முகம் தெரிய ஒருவர் பேசும்போது. தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் பேச்சு 6 டெசிபல் இறங்கிவிடும், ஆனால் அந்தக் கல் கூடத்தில் எதிரொலி இறங்காது, ஃபேன் சத்தமும் இறங்காது, மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும். அதோடு எங்களில் பலருக்கு முதலில் போவது மெல்லிய உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்துகள் கனமானவை, ஆ, ஓ எல்லாம் வந்து சேர்ந்துவிடும், ச, த, க போன்ற மெய்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சாக்கு இல்லை, நூற்றுக்கு நூறு உண்மை. சரி, சத்தமாகப் பேசினால்? உள்காது பழுதான பலருக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ உங்களுக்குக் கேட்கிற அளவுக்கே கேட்டு வலிக்கும். இடையில் இருக்கும் அந்தக் குறுகிய பட்டைக்குள்தான் நாங்கள் வாழ்கிறோம். கத்துவதால் எழுத்து தெளியாது.

அதனால் நாங்கள் உதட்டைப் பார்க்கிறோம். உதடும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. க தொண்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும், ஒன்றும் தெரியாது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பாலை, மாலை. பணி, மணி. பார்க்க இரண்டும் ஒன்றுதான், எது என்பதை இடம் பொருள் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கைடு பத்து நிமிடம் பேசியதில் எனக்கு உதட்டில் திரும்பத் திரும்பத் தெரிந்த சொல் "படை". மன்னர் என்று வருகிறது, பின்னால் சுவரில் வாள் தொங்குகிறது, வேறு என்னவாக இருக்க முடியும்? மன்னரின் படை, படையை எப்படிப் பிரித்தார், எங்கே நிறுத்தினார் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த பேச்சை எழுத்தாக்கும் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன், வீட்டில் நன்றாகவே வேலை செய்யும் அது, அந்த எதிரொலியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்களைக் கொட்டியது.

அவர் பேசியது மடையைப் பற்றி. வாய்க்கால் மடை, தண்ணீர் திறந்துவிடும் வழி. சோழர் காலத்தில் ஆற்றுத் தண்ணீரை ஊர் ஊராக எப்படிப் பிரித்து விட்டார்கள், யார் முறை வைத்தார்கள் என்பதைப் பற்றி. இது எனக்கு வெளியே வந்த பிறகு, அண்ணன் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

எனக்கு அது ஒரு தகவல் இழப்பு. அப்பாவுக்கு? ஐம்பத்தைந்து வருடம் மண்வெட்டியோடு மடை மாற்றியவர் அவர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து எங்கள் ஆற்றில் இறங்கி, எங்கள் வாய்க்கால் கடைமடைக்கு எந்த நாள் வரும் என்று விரல் விட்டுச் சொல்வார். அந்தக் கூடத்தில் இருந்த ஐம்பது பேரில் அந்தப் பேச்சு யாருக்கு என்று கேட்டால், அவருக்குத்தான். அவர் பின்னால் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு வாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது படம் காட்டும் அறை. பன்னிரண்டு நிமிடப் படம், சுவரில் பெரிய திரை, ஏசி உண்டு, நாற்காலி உண்டு. எழுத்து மட்டும் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பின்னணிக் குரல், கீழே ஒரு வரி தமிழ் கிடையாது. பேசுபவர் முகம் திரையில் வராததால் உதடும் கிடையாது. ஆறு காட்டுகிறார்கள், கல்வெட்டு காட்டுகிறார்கள், வயல், மறுபடி கல்வெட்டு, ஒரு வரைபடம், அதில் நீலக் கோடுகள் பிரிந்து பிரிந்து போகின்றன. அழகாக எடுத்திருக்கிறார்கள், அதுதான் அதிகமாக வலித்தது. நான் எழுந்து போய் அங்கே இருந்தவரிடம் "எழுத்து வருமா?" என்று கேட்டேன். நான் என் காதில் கை வைத்துக் காட்டியதால் அவர் வால்யூமை ஏற்றினார். முன் வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லி வந்து உட்கார்ந்தேன்.

அப்பா அண்ணன் மகளின் தோளைத் தட்டி, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"அப்புறம் சொல்றேன் தாத்தா."

"சரி, சரி."

அவளைக் குறை சொல்லவே மாட்டேன், பதினான்கு வயசுப் பிள்ளை, அவளும் படம் பார்க்க வேண்டாமா. ஆனால் காது கேட்காதவர்கள் வாழ்க்கையில் அதிகமாகக் கேட்கிற வாக்கியம் இந்த "அப்புறம் சொல்றேன்"தான், அந்த அப்புறம் பெரும்பாலும் வராது, வந்தாலும் பன்னிரண்டு நிமிடம் ஒரு வரியாகச் சுருங்கி வரும். அப்பா "சரி, சரி" என்று சொல்லும் அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே தொனியில்தான் கல்யாண வீடுகளில் சொல்கிறேன்.

ஒவ்வொரு கூடத்திலும் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் செய்தால் குரல் வருகிறது. குரல் மட்டும். அந்தக் குரல் எழுதி வைத்துப் படிக்கப்பட்டது என்பது கேட்காமலே தெரியும், யாரும் மூன்று நிமிடம் தடங்கல் இல்லாமல் தானாகப் பேசமாட்டார்கள். அப்படியென்றால் அந்த எழுத்து ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதே பக்கத்தில் குரலுக்குக் கீழே ஒட்டினால் முடிந்தது, செலவு என்று ஒன்றும் இல்லை.

போனைக் காதில் வைத்துக் கேளுங்களேன் என்று சொல்பவர்களுக்கு: மெஷின் மேல் போனை அழுத்தினால் விசிலடிக்கும். இதற்கென்றே ஓர் ஏற்பாடு பல வருடமாக இருக்கிறது, நம் பக்கத்தில் பேசுவாரில்லை. டெலிகாயில் என்று பெயர், மெஷினுக்குள் இருக்கும் சின்னக் கம்பிச் சுருள், மெஷினில் டி என்ற நிலையில் வைத்தால் அது வேலை செய்யும். அறையைச் சுற்றித் தரையிலோ மேலேயோ ஒரு கம்பி வளையம் ஓட்டி அதற்கென உள்ள ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால், மைக்கில் பேசுவது காந்தப்புலமாக வந்து நேரே மெஷினுக்குள் இறங்கும், நடுவில் இருக்கும் ஃபேன், எதிரொலி, குழந்தை அழுகை எதுவும் அதில் சேராது. இதற்குச் சர்வதேசத் தரமே உண்டு, ஐஇசி 60118-4. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் காது படமும் டி எழுத்தும் போட்ட பலகை தொங்குவது இதற்குத்தான். அறை முழுக்கப் போட முடியாவிட்டால் டிக்கெட் கவுன்டரில் ஒன்று, இல்லையென்றால் கழுத்தில் மாட்டும் வளையம் நாலைந்து வாங்கி வைத்தால் போதும். மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், காதுக்குள்ளேயே மறைந்துவிடும் சின்ன மாடல்களில் பலவற்றில் டெலிகாயில் இருக்காது, கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், காசு கொடுக்கும் முன் கேளுங்கள்.

இனி அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

வெண்கலக் கூடத்தில் ஒரு பெண் ஊழியர் நின்றிருந்தார், இருபத்தைந்து வயதிருக்கும். படம் முடிந்து நான் மறுபடி அங்கே போய் நின்றபோது அவர் எதையோ சொன்னார், நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. போய் ஃபேனை நிறுத்தினார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தவர் சுற்றி வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி எனக்கு எதிரே நின்றார். அப்புறம் சாதாரண வேகத்தில், "இப்ப தெரியுதாம்மா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எனக்குப் புரியாத ஒரு சொல் வந்ததும் அதையே மூன்று முறை திருப்பிச் சொல்லாமல் டிக்கெட் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக் காட்டினார். "மெழுகு." இந்தச் சிலைகளை முதலில் மெழுகில் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள், சுவாமிமலையில் இன்றைக்கும் அப்படித்தான் வார்க்கிறார்கள், அந்த மண் காவிரி மண், இதெல்லாம் அவர் சொல்லி நான் ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவருடைய சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். பயிற்சி எதுவும் இல்லை, வீட்டுப் பழக்கம். அந்த வீட்டில் பிறக்காத மற்ற ஊழியர்களுக்கு அரை நாள் உட்காரவைத்துச் சொன்னால் இதே பழக்கம் வந்துவிடும்.

அதன் பிறகு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். சாயங்காலம் நான் மட்டும் மாடியில் நாணயப் பகுதியில் இருந்தேன். அப்பாவும் பிள்ளையும் கீழே பெஞ்சில். மூடும் நேரத்துக்கு விசில் அடித்திருக்கிறார்கள், யாரோ மாடிப்படியிலிருந்து குரலும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று விளக்கு அணைந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இருட்டில் உதடும் இல்லை, எழுத்தும் இல்லை, யாராவது பேசினாலும் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி படியைத் தேடினேன், கை நடுங்கியது. அந்தப் பெண்தான் எண்ணிப் பார்த்து ஒருவர் குறைகிறார் என்று மேலே ஓடி வந்தார். இது வெறும் மூடும் நேரம். தீப்பிடித்து அலாரம் மட்டும் அடித்திருந்தால்? மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால் காது கேட்காதவருக்கும் தெரியும், போனில் மூழ்கியிருப்பவருக்கும் தெரியும். அலாரத்தோடு சுழலும் விளக்கு வைப்பது கட்டாயம் வேண்டும், கழிப்பறைக்குள்ளும் வேண்டும், ஏனென்றால் அங்கே யாரும் வந்து தோளைத் தொட முடியாது.

வெளியே அலுவலக அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அங்கே இருந்த அதிகாரி மன்னிப்புக் கேட்டார். நான் மாடியைப் பற்றிப் பேசாமல் படத்தைப் பற்றிக் கேட்டேன், அந்தக் குரலுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று. இருந்தது. அலமாரியில் ஒரு ஃபைலில், ஆறு பக்கம், தட்டச்சு செய்தது. அந்தப் பெண் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். இவ்வளவுதான் விஷயம். இந்த ஆறு பக்கம் வாசலில் பத்துப் பிரதியாகக் கயிற்றில் தொங்கியிருந்தால் அப்பா அந்த அறையில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். அதைத் திரையில் வரிவரியாக ஏற்றுவது வீடியோ எடிட்டிங் தெரிந்த பையனுக்கு ஒரு நாள் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கலை பண்பாட்டைப் பற்றித் தனியாகவே ஒரு பிரிவு வைத்திருக்கிறது, கலையை எல்லோருக்கும் எட்டும்படி செய்வது அரசின் கடமை என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எட்டும்படி செய்வதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. நடைமுறையில் அருங்காட்சியகத்தில் ஏற்பாடு என்றால் சாய்தளம் போடுவது என்றுதான் முதலில் நினைக்கிறார்கள், அது மிகவும் தேவை, இந்த இடத்திலும் இருக்கிறது, நல்லதாகவே போட்டிருக்கிறார்கள். காதுக்கு என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள். இன்னொன்று, அந்தச் சட்டத்தின் கணக்கில் இரண்டு காதிலும் 60லிருந்து 70 டெசிபல் வரை இழந்தவர்தான் காது மந்தமானவர், 70ஐ எட்டினால் கேளாதவர். நான் அதற்குள் வருவேன். அப்பாவுக்கு 50 சொச்சம்தான் இருக்கும், அட்டை கிடைக்காது, ஆனால் அந்தக் கூடத்தில் என்னைவிட அவருக்குத்தான் குறைவாகப் புரிந்தது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருவது யார்? அவர்கள்தான். அட்டையைக் கேட்டுக் கேட்டு வசதி கொடுப்பதைவிட எழுத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடலாம்.

எழுத்து வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பேசி, படித்து, பிறகு கேட்பதை இழந்தவள், எனக்குத் தமிழ் எழுத்து கை கொடுக்கிறது. பிறவியிலேயே கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி மாதிரி, அவர்களுக்கு அதே படத்தின் மூலையில் இந்திய சைகை மொழியில் ஒருவர் விளக்க வேண்டும். அதை அவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்ய வேண்டும், நான் அவர்களுக்காகப் பேசுவது சரியாக இருக்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கருவி) வைத்த பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகளில் நிறைய படிக்கிறார்கள், பள்ளிச் சுற்றுலாவில் அவர்களும் இந்தக் கூடத்தில் வந்து நிற்பார்கள், அந்த எதிரொலி அவர்களுக்கும் இதேதான்.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. விடுமுறை நாளில் போகாதீர்கள், வார நாள், திறந்தவுடன் போங்கள், கூட்டம் இல்லாத கூடத்தில் மெஷின் இரண்டு மடங்கு வேலை செய்யும். கைடிடம் பேச்சைத் தொடங்கும் முன்பே "நான் உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்" என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள், தொடங்கிய பிறகு நிறுத்திச் சொல்வது இன்னும் கஷ்டம். பேட்டரி ஒரு செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மாடிக்குப் போனால் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கூட வரும் கேட்கும் காதுக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: "அப்புறம்" வேண்டாம், இரண்டு சொல்லாவது அப்போதே சொல்லுங்கள். "மடையப் பத்தி" என்று அவள் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும், மீதியை அப்பாவே பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுபடி போவேனா? போவேன். சிலைகளுக்காகவும், அந்தப் பெண்ணுக்காகவும். படத்தில் எழுத்து ஏறினால் அன்றைக்கே மதிப்பெண்ணை நாலாக மாற்றுகிறேன்.

பஸ்ஸில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஆறு பக்கத்தையும் படித்தார். கல்வெட்டில் நிலத்தை எப்படி அடையாளம் சொல்கிறார்கள் என்று ஒரு பக்கம் வருகிறது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு என்று. அதைப் படித்துவிட்டு அவர் அண்ணன் மகளிடம் எங்கள் ஊர் சி வாய்க்கால், டி வாய்க்கால் (கிளை வாய்க்கால்களுக்கு அரசுக் கணக்கில் உள்ள பெயர்) ஒவ்வொன்றும் எங்கே பிரிகிறது, அதற்குப் பழைய பெயர் என்ன என்று இறங்கும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது, அவள் அவ்வப்போது என் பக்கம் திரும்பி இரண்டு இரண்டு சொல்லாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பென்சில் எடுத்து நாலாவது பக்கத்தில் ஓர் இடத்தைச் சுழித்தார். ஆற்றங்கரையில் கட்டி வைத்து, பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்துவதை அந்த ஸ்கிரிப்ட்டில் மடை என்று எழுதியிருக்கிறார்களாம். "அது மதகு. கதவு வச்சு அடைச்சா மதகு, மண்ண வெட்டி விட்டா மடை. எழுதிப் போடு" என்றார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, இந்த விமர்சனத்தோடு சேர்த்து, அந்த அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.